முப்பத்தொன்பதாவது படிவம்

நூரீன் படித்த கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டை வகுப்பறையில் கழிக்க முடியாது. ஏதாவது ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் ஜூலை முதல் ஜூன் வரை பன்னிரண்டு மாதம் வேலை பார்க்க வேண்டும். அதற்கென்று நீல அட்டை போட்ட பதிவேடு ஒன்றைக் கொடுப்பார்கள். மாதத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. நூரீன் அந்தப் பதிவேட்டைக் குடை, தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து ஒரே பையில் போடமாட்டாள். நனைந்துவிடுமே என்று துணியில் சுற்றித் தனியாகக் கொண்டுபோவாள்.

அவள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா ஷஹாபுதீன் நூல், பொத்தான், லைனிங் துணி விற்கும் தையல் சாமான் கடை வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்தது உப்பளத்தில், பழைய கிடங்கு ஒன்றைச் சீரமைத்து நடந்துகொண்டிருந்த பிஸ்கட் கம்பெனியில். முதலாளி ஆலேன், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர். பிரெஞ்சு நாட்டில் ஒரு ரொட்டி ஆலையில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். மார்க்கெட்டிங் பிரிவு என்பது கார்குழலி என்ற ஒரே அம்மாள்தான். அந்த வருடம் மட்டும் நூரீனையும் சேர்த்து இரண்டு பேர்.

நூரீனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. தைரியசாலி என்றும் சொல்ல முடியாது. அவளுடைய பயங்கள் சின்னவை, ஆனால் விடாமல் வேலை செய்பவை. யார் வீட்டு அழைப்பு மணியையாவது அழுத்த வேண்டுமென்றால் முதலில் விரலைத் துடைத்துக்கொள்வாள். அழுத்திவிட்டு, உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வாள். இப்படிப்பட்ட பெண்ணிடம்தான் செப்டம்பரில் கார்குழலி முந்நூறு வெற்றுப் படிவங்களைக் கொடுத்தாள்.

கம்பெனி சர்க்கரை குறைத்த சிறுதானிய ரஸ்க் ஒன்றைக் கொண்டுவர நினைத்தது. மாலை டீயோடு வீடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள், யார் வாங்கி வருகிறார்கள், இப்படி ஒரு ரஸ்க் வந்தால் வாங்குவார்களா என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். உப்பளத்தில் நூறு, முதலியார்பேட்டையில் நூறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் நூறு. பெயர், தெரு, போன் நம்பர், வீட்டில் எத்தனை பேர் என்று எல்லாம் எழுத வேண்டும்.

உப்பளமும் முதலியார்பேட்டையும் எப்படியோ முடிந்தன. அரியாங்குப்பத்தில் அறுபத்திரண்டு வீட்டோடு நின்றுவிட்டது. அறுபத்து மூன்றாவது வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கணக்கெடுக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா? போம்மா அந்தாண்ட" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். வேறொருத்தியாக இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள். நூரீன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். மறுநாள் மழை என்று போகவில்லை. அதற்கு மறுநாள் மழை இல்லை, அன்றும் போகவில்லை. பதினைந்து நாளில் அக்டோபர் முடிந்தது. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். கையில் முப்பத்தெட்டு வெற்றுப் படிவங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பீரோவைத் திறந்து பத்திரிகை நோட்டை எடுத்தாள்.

பத்திரிகை நோட்டு என்பது ஷஹாபுதீன் வைத்திருந்த நீளமான கணக்குப் புத்தகம். வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் யார் யாருக்கு அழைப்பு வைக்க வேண்டும் என்பதை ஊர் ஊராக, தெருத் தெருவாக அதில் எழுதியிருந்தார். பெயர், விலாசம், போன் நம்பர். சில பெயர்களுக்கு நேரே 'வீட்டோட' என்றிருக்கும், குடும்பம் முழுவதற்கும் அழைப்பு என்று அர்த்தம். போன வருடம் நூரீனுடைய அக்கா நிக்காஹ் நடந்தது இந்த நோட்டை வைத்துத்தான். அரியாங்குப்பத்துக்கு என்று இரண்டு பக்கம், நாற்பத்தோரு பெயர்கள். அடிக்கடி வீட்டுக்கு வந்துபோகும் மூன்று பேரை மட்டும் விட்டுவிட்டு, மற்ற முப்பத்தெட்டுப் பேரையும் படிவங்களில் ஏற்றினாள். 'வீட்டோட' என்று இருந்தால் ஐந்து பேர், இல்லாவிட்டால் மூன்று பேர் என்று போட்டாள். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினாள்.

பதில்களை எழுதும்போது பொய் சொல்வது போலவே தோன்றவில்லை என்பதுதான் விசித்திரம். ஒவ்வொருவரையும் கல்யாணப் பந்தியில் பார்த்தது போல லேசாக ஞாபகம் இருந்தது. இவர் இதைத்தான் சொல்வார் என்று நினைத்து எழுதினாள். நமக்குத் தெரிந்தவர்களை நமக்குத் தெரியும் என்று நாம் எல்லோரும் நினைப்பது போல.

நவம்பரில் கார்குழலி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "உப்பளம் ஃபார்ம் எல்லாம் ஒரே கொழப்பம். அரியாங்குப்பம் பின்பாதி இருக்கே, அது படு சுத்தம்! அங்க நல்லா பேச்சு குடுத்து வாங்கியிருக்க" என்றாள்.

உண்மையான மனிதர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார்கள். சர்க்கரை ஆகாது என்பார்கள், அடுத்த கேள்விக்கே ஜாங்கிரி என்பார்கள். நூரீன் உண்டாக்கிய முப்பத்தெட்டுக் குடும்பங்களில் ஒருவர்கூட முரண்படவில்லை. எல்லோருக்கும் மாலையில் ரஸ்க் பிடித்திருந்தது. எல்லோரும் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்தச் சுத்தத்தைப் பார்த்து அவர்களைச் சந்தேகப்பட வேண்டிய கார்குழலி, சந்தோஷப்பட்டாள். புதிய ரஸ்க்கை முதலில் அரியாங்குப்பத்தில்தான் இறக்குவது என்று முடிவானது. கார்குழலி தன் பெயரைப் போட்டு ஆலேனிடம் அறிக்கையைக் கொடுத்தாள். நூரீனின் பதிவேட்டில் செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் கையெழுத்து விழுந்தது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கனத்தது. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, கார்குழலி அரியாங்குப்பம் படிவக் கட்டை எடுத்து மேசையில் போட்டாள்.

"அடுத்த மாசம் ரஸ்க் இறங்குது. ஃபார்ம் எழுதிக் குடுத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு பாக்கெட் இனாமா குடுத்து, ரெண்டு வார்த்தை பேச வெச்சு வீடியோ எடுக்கலாம்னு இருக்கேன். நல்லா பேசறவங்களா பாத்து நானே போன் போடறேன். நீ எழுதிக்க."

"நான் போடறேனே மேடம்."

"நீ 'ஹலோ' சொல்றதுக்குள்ள அவங்க வெச்சிடுவாங்க. குடு இப்பிடி."

ஸ்பீக்கரைப் போட்டுக் கார்குழலி முதல் நம்பரை அழுத்தினாள். லமீஸ் மாமி. நூரீனின் அம்மாவுக்குத் தூரத்து உறவு.

"வணக்கம்மா. பிஸ்கட் கம்பெனிலேர்ந்து பேசறோம். அக்டோபர்ல எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வந்திச்சில்ல?"

"எந்தப் பொண்ணு? யாரும் வர்லியே."

"ஃபார்ம்லாம் எழுதினாங்களேம்மா. தெனம் டீயோட ரஸ்க் சாப்பிடுவேன்னு சொல்லியிருக்கீங்க."

"ரஸ்க்கா? ஏம்மா, எனக்கு மேல் வரிசையில ஒரு பல்லு கெடையாது. நான் எங்க போயி ரஸ்க்கைக் கடிக்கிறது? ஓ.டி.பி. கேக்கற கூட்டம்தானே நீங்க? மரியாதையா போனை வை!"

கார்குழலி சிரித்துவிட்டாள். "மறந்துடுச்சு போல. விடு." அடுத்த படிவத்தை எடுத்தாள். முஹம்மது ஆரிப், வயது அறுபது, வீட்டில் ஐந்து பேர், மாலையில் இரண்டு ரஸ்க்.

போனை எடுத்தது ஓர் இளைஞன். ஆரிப் சாரிடம் பேச வேண்டும் என்று கார்குழலி சொன்னாள்.

"அத்தா மௌத்தாயி ரெண்டு வருஷமாவுதுங்க."

"அய்யோ, மன்னிச்சுக்கங்க தம்பி. அக்டோபர்ல எங்ககிட்ட பேசினதா எழுதியிருக்கு..."

அந்தப் பையன் கோபமே இல்லாமல் கேட்டான்: "அத்தாவா? என்னங்க சொன்னாரு?"

கார்குழலி அவசரமாகப் போனை வைத்தாள். "நம்பர் எதையாவது மாத்தி எழுதிட்டியா?"

"இருக்கலாம் மேடம்" என்றாள் நூரீன். அது முப்பத்தெட்டுக்குப் பிறகு இன்னொரு பொய். ஆனால் மத்தியானம் முழுவதும் அவள் காதில் கேட்டது தன் பொய் அல்ல, அந்தப் பையனின் கேள்விதான். இறந்துபோன தகப்பன் ஏதோ சொல்லியிருக்கிறார் என்றால், அது ரஸ்க்கைப் பற்றியதாக இருந்தாலும் அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பாவிடம் கேட்டாள். "அரியாங்குப்பத்துல ஆரிப்னு ஒருத்தரு..."

"மௌத்தாயிட்டாரே. ஜனாஸாவுக்கு நான் போயிருந்தேன்ல. ஏன்?"

"நோட்ல பேரு அப்பிடியே இருக்கே அத்தா."

"இருக்கும். நான் பேரை அடிக்கமாட்டேன். பத்திரிகை ஆளுக்கா வெக்கிறோம்? வீட்டுக்கு வெக்கிறோம். ஆரிப் வீடுன்னாதான் அது எந்த வீடுன்னு தெரியும். புள்ளைக்குக் கல்யாணம் ஆவட்டும், அவன் பேரைக் கீழ எழுதுவேன்." ஷஹாபுதீன் மகளை நிமிர்ந்து பார்த்தார். "அது சரி, அந்த நோட்டு உனக்கு எதுக்கு?"

அடுப்படியிலிருந்து அம்மா கனீஸ் பாத்திமாவின் குரல் வந்தது. "அவ கல்யாணத்துக்கு அவளே லிஸ்ட் போடறா போல. கேட்டுக்கங்க, மாப்புள்ள பேரும் எழுதியிருக்கப் போறா."

அப்பா சிரித்தார். நூரீனும் சிரித்து வைத்தாள். அந்த இரண்டு பக்கத்தில் இன்னும் எத்தனை பெயர்கள் வீடுகளாக மட்டும் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கார்குழலி கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே நூரீன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டு விழவில்லை. கார்குழலி திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல மேடம்."

"சொல்லாத. என் பேரைப் போட்டு சாருக்குக் குடுத்த அறிக்கை அது. பாக்கெட் அச்சடிச்சு வந்தாச்சு. முந்நூறுல முப்பத்தெட்டு, பெரிய வித்தியாசம் ஒண்ணும் வந்துடாது. வீடியோவே வேணாம், விட்டுடுவோம்." பதிவேட்டை வாங்கி, பிப்ரவரி முடிவதற்கு முன்பே பிப்ரவரிக்குக் கையெழுத்துப் போட்டாள். "ஜூன் வரைக்கும் நானே போடறேன். உன் வேலையைப் பாரு."

நூரீனைப் பிடித்திருந்த பயம் கார்குழலிக்கும் தொற்றிவிட்டது, அவ்வளவுதான். பங்கு போட்டுக்கொண்டால் குறையும் என்பார்களே, அந்த வகைப் பயமல்ல இது. நூரீனுக்கு மதியச் சாப்பாடு வரை நிம்மதி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் லைன் வண்டியில் கடை கடையாகச் சரக்குப் போடும் வெற்றிவேல் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, அரியாங்குப்பம் ராணி! உன் புண்ணியத்துல இருவது கடையில ஆர்டர் புடிச்சிட்டேன். எவனும் புது ஐட்டம் எடுக்கமாட்டேன்றான். எங்க கம்பெனிப் பொண்ணு வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கி கேட்டுச்சுடா, ஊரே வேணுங்குதுன்னு சொன்னேன். உன்னை நம்பித்தான் எடுத்திருக்கானுங்க."

"விக்கலேன்னா என்னண்ணே பண்ணுவாங்க?"

"என் மூஞ்சியிலதான் வீசுவானுங்க. உன் மூஞ்சி அவனுங்களுக்குத் தெரியுமா?" என்று சொல்லி, அவள் டப்பாவிலிருந்து ஒரு கத்தரிக்காய்த் துண்டை உரிமையோடு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆலேன் கூட்டம் போட்டார். மேசை மேல் அரியாங்குப்பம் வரைபடம். கார்குழலி, வெற்றிவேல், நூரீன். ஆலேன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அலோர், சரி நூரீன். வண்டி எந்தத் தெருவுல ஆரம்பிக்கலாம், நீ சொல்லு. நீதானே எல்லா வீட்டுக்கும் போனவ."

கார்குழலி அவளைப் பார்க்காமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூரீன் ஒரு தெருவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் தைரியமாக முடிவெடுத்தாள் என்று எழுத எனக்கு மனமில்லை. அப்படி எந்த முடிவையும் எடுத்ததாக அவளுக்கே ஞாபகமில்லை. பொய்யைத் தொடர்ந்து சொல்வதற்கும் ஒரு தைரியம் வேண்டும், அது அவளிடம் தீர்ந்துபோயிருந்தது.

"எல்லா வீட்டுக்கும் போகல சார்."

"எத்தினி வீட்டுக்குப் போகல?"

"முப்பத்தெட்டு."

"ஃபார்ம் இருக்கே?"

"நான் எழுதினது. எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை நோட்டுலேர்ந்து பேரு எடுத்து எழுதினேன். அதுல ஒருத்தர் உசிரோடயே இல்ல சார்."

வெற்றிவேல்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப மொய் எழுதற நோட்டைக் காட்டித்தான் நான் ஆர்டர் புடிச்சேனா?" சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"கார்குழலிக்குத் தெரியுமா?" என்று ஆலேன் நூரீனிடமே கேட்டார்.

இதற்கு என்ன சொன்னாலும் ஒரு துரோகம்தான். அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே கார்குழலி சொன்னாள்: "செவ்வாக்கிழமைலேர்ந்து தெரியும் சார்." அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கார்குழலியை மதிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஆலேன் கோபப்படவில்லை. கணக்குப் பார்ப்பவர்போல் விரலால் மேசையைத் தட்டினார். "மிச்சம் எறநூத்தி அறுவத்திரெண்டு?"

"அதெல்லாம் நெசமா நான் போய்க் கேட்டது சார்."

"அதை நான் எப்படி நம்பறது?"

அறுபத்திரண்டு வீட்டு வெயிலும், உப்பளத்தில் நாய் துரத்தியதும், முதலியார்பேட்டையில் செருப்பு அறுந்ததும் நூரீனுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. உண்மையான படிவமும் பொய்யான படிவமும் ஒரே அச்சகத்தில் அடித்தவை, எழுதியதும் ஒரே கை.

ஆலேன் சரக்கை நிறுத்திவைத்தார். உண்மை என்று அவள் சொன்ன படிவங்களிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாற்பதை உருவி வெற்றிவேலிடம் கொடுத்தார். ஒவ்வொரு வீடாகப் போய், இந்தப் பெண் வந்தாளா என்று போட்டோவைக் காட்டிக் கேட்டுவரச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் நூரீன் வாழ்க்கையில் மிக நீண்ட வாரம். பொய் சொன்ன நாட்களில் உண்மை வெளிவந்துவிடுமோ என்று பயந்தாள். இப்போது உண்மை வெளிவராமல் போய்விடுமோ என்று பயந்தாள். இரண்டாவது பயம்தான் பெரியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஐந்து மாதத்துக்கு முன் ஐந்து நிமிடம் வாசலில் நின்ற பெண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

முப்பத்தொன்பது வீடுகள் ஞாபகம் வைத்திருந்தன. ஒருத்தர், "குரலே கேக்காதே, அந்தப் பொண்ணுதானே" என்றாராம். நாற்பதாவது உப்பளத்தில் கன்னியம்மாள் என்பவர் வீடு.

"அந்தம்மா யாருமே வர்லன்னு சத்தியம் பண்ணுது" என்றார் வெற்றிவேல்.

"அண்ணே, அவங்க எனக்கு மோர் குடுத்தாங்கண்ணே. பையன் ரெயூனியன் தீவுல இருக்கறதா அரை மணி நேரம் பேசினாங்க. அவன் போட்டோ காட்டினாங்க."

"பையனைப் பத்தி யார் போனாலும்தான் அது பேசுது. என்கிட்டயும் பேசிச்சு, மோரும் குடுத்திச்சு. உன் போட்டோவைக் காட்டினா தெரியலங்குது. நான் இன்னா எழுதறது?" அவர் குரலில் குத்தல் இல்லை, இரக்கமும் இல்லை. வரவில்லை என்றே எழுதினார்.

நூரீன் அன்று மாலை தனியாகக் கன்னியம்மாள் வீட்டு வாசல் வரை போனாள். மணியின் மேல் விரலை வைத்தாள். ஞாபகப்படுத்திக்கொள்ளச் சொல்லி ஒருவரைக் கேட்பதும் சாட்சி சொல்லச் சொல்லித் தருவதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்று தோன்றியது. அழுத்தாமல் திரும்பினாள். அது நேர்மையா, பழைய பயமேதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆலேன் செப்டம்பர், அக்டோபர் இரண்டு கையெழுத்துகளையும் பேனாவால் அடித்தார். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வேலை பார்த்து அந்த இரண்டு மாதத்தை ஈடுகட்டலாம் என்றார். அதற்குக் கல்லூரி சம்மதித்தது. ஆனால் பயிற்சி முடிந்ததும் கம்பெனி தரும் கடிதத்தில் நடந்ததை எழுதியிருக்க வேண்டும் என்றது. தோழிகள் பட்டத்தோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் போன அந்த இரண்டு மாதமும் நூரீன் அரியாங்குப்பத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தாள். அங்கே மாலையில் பெரும்பாலும் சுண்டலும் வேர்க்கடலையும்தான் என்று தெரிந்தது. ரஸ்க் வாங்குபவர்களும் சர்க்கரை போட்டதையே கேட்டார்கள். அச்சடித்த பாக்கெட்டுகள் வேறு ஊருக்குப் போயின. வெற்றிவேல் இருபது கடைக்கும் போய் ஆர்டரை ரத்து செய்துவிட்டு வந்தார். பிறகு அவள் டப்பாவிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி நாள் கார்குழலி பதிவேட்டில் பன்னிரண்டாவது கையெழுத்தைப் போட்டாள். இந்த ஆறு மாதமும் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசாதவள், கடிதத்தை நூரீன் பக்கம் தள்ளினாள்.

"தப்பு ஏதாவது இருக்கா பாத்துக்க. அப்புறம் மாத்தித் தரமாட்டேன்."

நான்கு வரிக் கடிதம். பாராட்டு ஒன்றும் இல்லை, எதிர்பார்க்கவும் இல்லை. மூன்றாவது வரியில், பயிற்சிக் காலத்தில் இவர் தயாரித்த முந்நூறு படிவங்களில் முப்பத்தொன்பது பொய்யானவை என்று இருந்தது.

"முப்பத்தெட்டு மேடம்."

"வெற்றிவேல் ரிப்போர்ட்ல முப்பத்தொம்போதுன்னுதான் இருக்கு. கன்னியம்மாள் வீட்டுக்கு நீ போனதுக்கு என்ன சாட்சி? சொல்லு, மாத்தறேன்."

கார்குழலி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உண்மையாகவே காத்திருந்தாள். நூரீன் யோசித்தாள். பழுப்பு நிறக் கதவு, எவர்சில்வர் டம்ளர், உப்பு கூடிப்போன மோர், சீருடையில் ஒரு பையனின் போட்டோ. எல்லாம் அவளிடம் மட்டுமே இருந்தன.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கீழே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.